கிராமில் நூற்றில் ஒரு பங்கு

டூப்ளிகேட் டர்போ செய்கிறவர்கள் முதலில் கைதேர்வது டப்பா அடிப்பதில்தான். ஹாலோகிராம், பார்கோடு, பார்ட் நம்பர் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். பழைய ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, புண்டோவில் ஓடிய ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் எஞ்சினுக்கான டர்போ கோர் (வீல்கள், ஷாஃப்ட், பேரிங் சேர்ந்த நடுப்பகுதி) இரண்டை, அசலும் போலியுமாக மேசையில் வைத்தால், போலியின் அலுமினிய வீல் இன்னும் பளபளப்பாகக்கூட இருக்கலாம். ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பார்ப்பதும் பயன்படாது. ஆயில் படலத்துக்கு இடம் வேண்டுமே, அதனால் ஜர்னல் பேரிங் வைத்த புது அசலே பக்கவாட்டில் லேசாக ஆடும். இறுக்கமாக நிற்கும் போலிக்கு “ஆட்டமே இல்லை சார்” என்று பாராட்டு வேறு கிடைத்துவிடும்.

விலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது: பேலன்சிங். சின்ன டர்போக்கள் நிமிடத்துக்கு 2,00,000 சுற்றைத் தொடும். அந்த வேகத்தில் மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கிராமில் நூற்றில் ஒரு பங்கு எடை கூடுதலாக இருந்தால் போதும்; ஏறக்குறைய நாலரை கிலோ பாரம் ஷாஃப்ட்டை வெளியே இழுக்கும், அதுவும் நொடிக்கு 3,300 முறை சுற்றிச் சுற்றி. மயிரிழையைவிட மெல்லிய ஆயில் படலம் எத்தனை நாள் தாங்கும்? அதனால்தான் முறையான தயாரிப்பில் கோரை முழுசாகப் பூட்டியபின் அதிவேகத்தில் சுழற்றி, அதிர்வை அளந்து, கம்ப்ரசர் நட்டில் துளித்துளியாகச் சீவி எடுக்கிறார்கள். டார்ச் அடித்தால் அந்தச் சீவல் தடம் தெரியும். பல போலிகளில் நட்டு கன்னி கழியாமல் இருக்கும். பேரிங் தேய்ந்து சீல் போனால் ஆயில் இன்டேக்கில் இறங்கும். டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் கதறும்.

அசலும்தானே போகிறது என்பார்கள். போகிறது. பெரும்பாலும் ஆயில்தான் காரணம்: கரி அடைத்த ஃபீட் பைப், மாற்றாமல் விட்ட ஆயில். போலி விற்பவருக்கு அந்த உண்மையே கேடயம், எது உடைந்தாலும் “ஆயில் மாத்தலையா?” என்று நம்மையே கேட்பார். ஆயில், ஃபில்டர், ஃபீட் பைப் மூன்றையும் மாற்றியபின்னும் கோர் போனால்தான் பழி பார்ட்டின் மேல் விழும். விலை மலிவு என்பவர்கள் கழற்றிப் பூட்டும் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது இரண்டுக்கும் ஒன்றுதான், போலிக்கு இரண்டு முறை. இதில் கம்பெனிகளும் யோக்கியமில்லை. பல மாடலுக்குக் கோரைத் தனியாகத் தராமல் முழு டர்போவையே தலையில் கட்டினால், வண்டிக்காரர் வேறு எங்கே போவார்? சொந்தப் பெயரிலேயே கோர் விற்கும் ஆஃப்டர்மார்க்கெட்காரர்களைப் போலியோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை. அவர்களில் பேலன்சிங் ரிப்போர்ட் தருகிறவர்கள் உண்டு. அந்தச் சீட்டில் இருக்கும் சீரியல் நம்பரும் கோரில் பொறித்ததும் ஒத்துப்போனால், கம்பெனி டப்பா இல்லாவிட்டாலும் தாராளமாக வாங்கலாம்.