கன்னாவுக்குக் கிடைக்காத நாற்காலி

ஏ.டி.எம். ஜபல்பூர் வழக்கின் தீர்ப்பை யாராவது உரைநடையாக வாசித்து விமர்சனம் எழுதியிருக்கிறார்களா தெரியாது. எழுத வேண்டிய பிரதி அது. நான் சட்டம் படித்தவன் இல்லை, பகலில் கோட் எழுதுகிறவன். ஒரு வரி பார்க்க எப்படி இருக்கிறது என்பதைவிட, ஓடவிட்டால் என்ன செய்யும் என்று பார்ப்பது எங்கள் தொழில் புத்தி. அந்தப் புத்தியோடுதான் இதையும் படித்தேன்.

தீர்ப்பு தேதி 1976 ஏப்ரல் 28. நெருக்கடிநிலையில் மிசாவில் பிடித்துப் போடப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட முடியுமா என்பது கேள்வி. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் முடியும் என்றிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் ஐந்து பேர் கேட்டார்கள். நான்கு பேர் முடியாது என்றார்கள். ஹெச்.ஆர். கன்னா மட்டும் முடியும் என்றார்.

இப்போது தலைமை நீதிபதிகள் பட்டியலை எடுத்து இந்த ஐந்து பெயர்களையும் தேடிப் பாருங்கள். ஏ.என். ரே அப்போதே தலைமை நீதிபதி. எம்.ஹெச். பெய்க் 1977இல் ஆனார். ஒய்.வி. சந்திரசூட் 1978இல், பி.என். பகவதி 1985இல். நாலு பேரும் இருக்கிறார்கள். கன்னா இல்லை.

அந்த நாலு பேர் தரப்பில்தான் உருவகங்கள் அதிகம். கைதிகள்மீது அரசு காட்டும் அக்கறை கிட்டத்தட்ட ஒரு தாயின் அக்கறை என்கிற பொருளில் பெய்க் எழுதுகிறார். கொடுமை எதுவும் நடக்காது என்ற தன் நம்பிக்கையை சந்திரசூட் வைரத்துக்கு ஒப்பிடுகிறார். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே, பிப்ரவரியில், சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகளைப் போட்டு அடித்திருந்தார்கள். அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு மறு வருடம் இறந்தார். பின்னால் அதை விசாரித்தது நீதிபதி மு.மு. இஸ்மாயில். ஆமாம், கம்பனைப் பற்றி அத்தனை எழுதிய அதே இஸ்மாயில்தான்.

கன்னாவின் உரைநடை வறண்டது. முன்தீர்ப்பு, பிரிவு, மறுபடி முன்தீர்ப்பு என்றே போகும். ஆனால் விசாரணையின்போது அவர் கேட்ட ஒரு கேள்வி உண்டு. ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்? அப்போதும் நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா? தன் வாதப்படி இல்லை என்று அரசுத் தரப்பு ஒப்புக்கொண்டது. இதைத்தான் நான் ஓடவிட்டுப் பார்ப்பது என்றேன். தாய் என்ற உவமையை இந்த ஒரு கேள்வியில் போட்டால் அது அங்கேயே உடைகிறது.

இதற்கு என்ன விலை என்று அவருக்குத் தெரியும். தலைமை நீதிபதி பதவி போகும் என்று அப்போதே தன் சகோதரியிடம் சொன்னதாக சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பெய்க்கை நியமித்தார்கள். கன்னா ராஜினாமா செய்தார். கிடைத்திருந்தாலும் ஜூலையில் ஓய்வு, ஐந்து மாதச் சொச்சம்தான்.

மூத்தவரே தலைமை நீதிபதி என்று அரசமைப்புச் சட்டத்தில் எங்கும் இல்லை. வெறும் வழக்கம். தகுதி பார்த்துப் போட வேண்டாமா, இதென்ன ரேஷன் கடை க்யூவா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. க்யூவில் அபத்தங்கள் உண்டு. 1991இல் கே.என். சிங்குக்கு மூன்று வாரம்கூடக் கிடைக்கவில்லை. ஒய்.வி. சந்திரசூட்டுக்கோ ஏழு வருடத்துக்கு மேல். ஆனாலும் நான் க்யூ பக்கம்தான். அதை உடைத்த இரண்டு தடவையும், 1973இல் மூன்று பேரைத் தாண்டி ரே, 1977இல் பெய்க், தகுதி என்ற சொல்லுக்கு டெல்லியில் என்ன அர்த்தம் என்பது தெரிந்துவிட்டது. க்யூ எல்லாவற்றையும் காப்பாற்றாது என்பதும் உண்மை. எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்று பிரிப்பவர் தலைமை நீதிபதி. 2018 ஜனவரியில் நான்கு மூத்த நீதிபதிகள் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு முறையிட்டது அந்த அதிகாரத்தைப் பற்றித்தான்.

2017இல் புட்டசாமி வழக்கில் ஜபல்பூர் தீர்ப்பைத் தவறு என்று எழுதியவர் ஒய்.வி. சந்திரசூட்டின் மகன் டி.ஒய். சந்திரசூட். 2024 நவம்பரில் அவருக்குப் பின் தலைமை நீதிபதி ஆனவர் கன்னாவின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை சஞ்சீவ் கன்னா. சினிமா க்ளைமாக்ஸ் மாதிரி இதை எல்லோரும் பகிர்ந்தார்கள். எனக்கு ஒட்டவில்லை. தந்தையைத் திருத்த மகன் வருவதற்குள் 41 வருடம் ஓடிவிட்டது. மிசா கைதிகள் வெளியே வந்தது 1977இல், தேர்தல் வந்ததால்.