கைராசி மட்டும் போதுமா?

மலேசியத் தோட்டக் கதைகளில் ஒரு மருத்துவச்சிக் கிழவி அடிக்கடி வருவாள். நடுராத்திரி, மழை, லயத்து வீடு, மண்ணெண்ணெய் விளக்கு. கிழவி உள்ளே போவாள், பிள்ளை அழும். வெளியே வந்து 'ஆம்பளப் புள்ள' என்பாள். வெற்றிலை பாக்கோடு கதை அவளை அனுப்பிவிடும்.

இந்தக் கிழவி பொய்யில்லை. சுங்கை சிப்புட், சித்தியவான் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த மூத்தவர்களைக் கேளுங்கள், 'எங்களையெல்லாம் அந்தப் பாட்டிதான் எடுத்தாங்க' என்பார்கள். சிக்கல் என்னன்னா, கதைகள் அவளுக்குக் கைராசியைத் தருகின்றன, அறிவைத் தருவதில்லை. வயிற்றைத் தடவித் தலை எந்தப் பக்கம் என்று சொல்வது, நச்சுக்கொடி முழுசாக விழுந்ததா என்று பார்ப்பது, சுக்கும் பூண்டும் சேர்த்துக் காயம் அரைப்பது எல்லாம் கற்ற வேலை. யாரிடம் கற்றாள்? தமிழ்நாட்டுக் கிராமங்களில் இது பெரும்பாலும் நாவிதர் குடும்பப் பெண்களின் தொழில். கப்பலேறி வந்தபின் அந்தச் சாதிக் கணக்கு லயத்தில் என்ன ஆனது? கதை அதைக் கேட்பதே இல்லை.

கைராசி இன்னொன்றையும் மூடுகிறது. 1950 வாக்கில் மலாயாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 500-க்கும் அதிகமான தாய்மார் இறந்தார்கள். 1990-களில் அது 50-க்கும் கீழே வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் கம்பங்களுக்குப் போனார்கள், அங்கிருந்த பீடான்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பழைய மருத்துவச்சிகளையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. ஆனால் தோட்டம் தனியார் நிலம். அரசாங்கத்தின் கிராமச் சுகாதாரச் சேவை பெரும்பாலும் வேலிக்கு வெளியேதான் நின்றது. உள்ளே நிர்வாகத்தின் ஆஸ்பத்திரியும் டிரெஸ்ஸரும். மிச்சத்தையெல்லாம் கிழவி பார்த்துக்கொண்டாள். நிர்வாகம் சம்பளம் கொடுத்துச் செய்திருக்க வேண்டிய வேலை அது. அதைத் தியாகம் என்று நாம் எழுதும்போது துரை தப்பித்துக்கொள்கிறார்.

அதனால்தான் முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேராக் மண்ணின் தமிழ் வாழ்க்கையை ஒரு பெண் தன் குடும்ப வரலாறாகவே எழுதினார். பெண்களின் நினைவையும் ஆவணமாக எடுத்துக்கொள்ளலாம் என்ற தைரியத்தை அது தருகிறது.

புனைவுக்கு அந்தத் தைரியம் இன்னும் கொஞ்சம் வேண்டும். தாய் பிழைக்காத ராத்திரியை எழுத வேண்டும். மறுநாள் விடியுமுன் அதே கிழவி பெரட்டுக்குப் போய் நின்றதை எழுத வேண்டும். அடுத்த வீட்டில் வலியெடுத்தபோதும் அவளைத்தான் கூப்பிட்டார்கள், வேறு யார் இருந்தார்கள்?

லயத்தில் பெற்றெடுத்த அம்மாக்கள் சிலர் இன்னும் ஈப்போ புறநகர் வீடுகளில் இருக்கிறார்கள். எழுத நினைப்பவர்கள் முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள்.