சென்னை வீட்டுச் சிகிச்சை ஆய்வும் உணவு என்னும் வினாவும்: காசநோய் ஆய்வு முடிவுகள் வாசிக்கப்பட்ட முறை குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

காசநோயாளரை மருத்துவமனையில் தங்கவைக்காமல், வீட்டிலிருந்தபடியே மருந்தால் குணப்படுத்த இயலும் என்பதை 1959ஆம் ஆண்டு வெளியான சென்னை ஆய்வு நிறுவியது. உலகக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றிய இம்முடிவு, பின்னாளில் ‘காசநோய்க்கு உணவு முதன்மையன்று’ என்ற கருத்துக்கும் சான்றாக்கப்பட்டது. அவ்வாய்வு எழுப்பிய வினா அதுவன்று. சென்னை ஆய்வின் அமைப்பு, ஜார்க்கண்டில் நடத்தப்பெற்று 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு, தமிழ்நாட்டின் காசநோய் இறப்பிலாத் திட்டம் ஆகிய மூன்றையும் இக்கட்டுரை ஒப்புநோக்குகிறது. ஒரு வட்டார ஆய்வின் முடிவு அதன் எல்லையைக் கடந்து வாசிக்கப்படும்போது நேரும் இழப்பை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: காசநோய், சென்னை வீட்டுச் சிகிச்சை ஆய்வு, ஊட்டக்குறைவு, ரேஷன்ஸ் ஆய்வு, பொதுச் சுகாதாரம், வட்டார அறிவியல்.

முன்னுரை

தமிழில் காசநோய்க்குப் பல பெயர்கள் வழங்கிவந்துள்ளன. ‘சயரோகம்’ என்பது தேய்வைக் குறிக்கிறது. ‘எலும்புருக்கி நோய்’ என்பது உடல் உருகிக் கரைவதைக் காட்டுகிறது. இன்று நிலைபெற்றுள்ள ‘காசநோய்’ என்னும் பெயரோ இருமலை முன்னிறுத்துகிறது. முதலிரு பெயர்கள் நோயாளியின் உடல் மெலிவை நோக்க, மூன்றாவது பெயர் நுரையீரலை நோக்குகிறது. மெலிந்த உடலா, நுரையீரலில் வாழும் கிருமியா, எது இந்நோயின் மையம் என்ற வினா மருத்துவ ஆய்வு வரலாற்றிலும் நெடுங்காலம் தொடர்ந்துள்ளது.

1882இல் இராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தபின் நோயின் காரணம் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டது. எனினும் கிருமி தொற்றியவர் அனைவரும் நோயுறுவதில்லை. தொற்றுக்கும் நோய்க்கும் இடைப்பட்ட இவ்வெளியில்தான் உணவு, உறைவிடம், வறுமை ஆகியவை இடம்பெறுகின்றன. இவ்வெளி குறித்துத் தென்னிந்தியாவில் நிகழ்ந்த ஆய்வுகள் எவ்வாறு வாசிக்கப்பட்டன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. சானடோரியமும் ஊட்டவியல் ஆய்வும்

மருந்து கண்டறியப்படாத காலத்தில் ஓய்வும் தூய காற்றும் நல்லுணவுமே காசநோய்க்கான மருத்துவமாகக் கொள்ளப்பட்டன. சானடோரியம் என்னும் நிறுவனம் இக்கருத்தின் வடிவமாகும். டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் இம்மரபைச் சார்ந்தது. அப்பெயர் இன்றும் அங்குள்ள தொடர்வண்டி நிலையத்தின் பெயரில் நிலைத்துள்ளது.

இதே காலத்தில் குன்னூரில் இராபர்ட் மெக்கரிசன் தலைமையில் ஊட்டவியல் ஆய்வு வளர்ந்தது. இந்தியாவின் பல வட்டார உணவுகளை எலிகளுக்கு அளித்து ஒப்பிட்ட அவர், கோதுமையும் பாலும் மிகுந்த சீக்கியர் உணவை உயர்வானதாகவும், அரிசியை மையமாகக் கொண்ட ‘மதராசி’ உணவைத் தாழ்வானதாகவும் மதிப்பிட்டார். உணவுக்கும் நோய்க்குமான உறவை ஆய்வகச் சான்றாக முன்வைத்தது இவ்வாய்வின் சிறப்பு. ஆனால் உணவை இன, வட்டாரப் பெயர்களால் வகைப்படுத்தியமை அதன் குறை. ஒரே வட்டாரத்தில் நிலவுடையவரும் கூலித்தொழிலாளரும் ஒரே உணவை உண்பதில்லை. வாங்கும் திறன் சார்ந்த வேறுபாடு இவ்வகைப்பாட்டில் மறைந்துவிடுகிறது.

குன்னூர் ஆய்வகம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டிருந்தது. ஊட்டவியலும் காசநோயியலும் தனித்தனி நிறுவனங்களின் துறைகளாக வளர்ந்தன என்பது பின்வரும் வாசிப்புக்குப் பின்புலமாகக் கருதத்தக்கது.

2. சென்னை ஆய்வு எழுப்பிய வினா

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவற்றின் கூட்டு முயற்சியால் 1956இல் அம்மையம் உருவாயிற்று. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கப்படுகிறது. வாலஸ் ஃபாக்ஸ் வழிநடத்திய முதல் ஆய்வின் அறிக்கை 1959இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் வெளிவந்தது.

சென்னையின் நெரிசல் மிகுந்த ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக ஒதுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில் சேர்க்கப்பட்டனர். மறு பிரிவினர் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஐசோனியாசிட், பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் ஆகிய மருந்துகளே ஓராண்டு வழங்கப்பட்டன. வீட்டுப் பிரிவினர் மருந்தை ஒழுங்காக உட்கொள்கின்றனரா என்பது முன்னறிவிப்பற்ற வருகைகள், சிறுநீர்ச் சோதனை, எஞ்சிய மருந்தின் கணக்கு ஆகியவற்றால் கண்காணிக்கப்பட்டது.

சானடோரியப் பிரிவினருக்கு ஓய்வும் செவிலியர் கவனிப்பும் நிறைவான உணவும் கிடைத்தன. வீட்டுப் பிரிவினர் குறைந்த உணவுடன், நெரிசலான வீடுகளில், பலர் வேலைக்கும் சென்றவாறு சிகிச்சை பெற்றனர். ஆயினும் ஓராண்டின் இறுதியில் இரு பிரிவிலும் பெரும்பான்மையோரின் சளியில் கிருமி மறைந்திருந்தது. பிரிவுகளுக்கு இடையே வேறுபாடு சிறிதே. வீட்டில் இருந்த நோயாளரின் குடும்பத்தாருக்குக் கூடுதல் தீங்கு நேரவில்லை என்பதும் தொடர் கண்காணிப்பில் தெரியவந்தது. படுக்கைகள் மிகக் குறைவாக இருந்த ஒரு நாட்டுக்கு இம்முடிவு பெரும் விடுதலை. குடும்பத்தைப் பிரிந்து, வருவாயை இழந்து சானடோரியத்தில் காத்திருக்க வேண்டிய கட்டாயத்தை அது நீக்கியது. 1962 முதல் மாவட்ட அளவில் செயற்பட்ட தேசியக் காசநோய்த் திட்டம் வீட்டுச் சிகிச்சையை அடிப்படையாகக் கொண்டது.

இவ்வாய்வின் வினாவைத் துல்லியமாக வரையறுத்தல் இன்றியமையாதது. ஏற்கெனவே நோயுற்றவருக்கு, போதிய மருந்து ஒழுங்காகக் கிடைக்குமாயின், சிகிச்சை பெறும் இடம் குணமடைதலைப் பாதிக்குமா என்பதே அவ்வினா. உணவு இதில் தனித்துச் சோதிக்கப்பட்ட கூறன்று. ஓய்வு, காற்றோட்டம், கவனிப்பு ஆகியவற்றோடு ‘இடம்’ என்பதற்குள் அதுவும் அடங்கியிருந்தது. மேலும், அளக்கப்பட்ட முதன்மை விளைவு கிருமியின் மறைவு. யார் நோயுறுகிறார், யார் இறக்கிறார், நலமடைந்தவர் உழைக்கும் வலிமையை எந்த அளவு மீண்டும் பெறுகிறார் என்பவை அதன் மைய வினாக்களாக இருக்கவில்லை.

3. முடிவிலிருந்து முழக்கத்துக்கு

இதே ஆய்வின் தரவுகளைக் கொண்டு, சிகிச்சையில் உணவின் பங்கை ஆராய்ந்த கட்டுரை 1961இல் வெளிவந்தது. மருந்து போதிய அளவு தரப்படும்போது, உணவின் குறைவு கிருமி மறைவைத் தடுக்கவில்லை என அது கண்டது. சானடோரியப் பிரிவினரின் எடை கூடுதலாக உயர்ந்ததையும் அத்தரவுகள் காட்டின. இவ்விரண்டு உண்மைகளில் முதலாவது மட்டுமே பின்னாளில் நினைவில் நின்றது.

‘உணவு குறைந்தாலும் மருந்து செயற்படும்’ என்னும் கூற்றுக்கும் ‘உணவு தேவையில்லை’ என்னும் கூற்றுக்கும் இடையே பெரும் இடைவெளி உண்டு. முன்னது ஆய்வின் முடிவு. பின்னது அதிலிருந்து தாவிப் பெறப்பட்ட கருத்து. மருந்துக்கான செலவே பெருஞ்சுமையாக இருந்த காலத்தில் இத்தாவல் ஆட்சியாளருக்கு வசதியாக அமைந்தது எனலாம். மருந்து திட்டத்தின் பொறுப்பாயிற்று; உணவு அறிவுரையாயிற்று. ‘சத்தான உணவு உண்ணுங்கள்’ என்னும் தொடர், உணவை வாங்க இயலாதவரிடமே சொல்லப்பட்டது. நாடு தழுவிய அளவில் நோயாளரின் ஊட்டத்துக்கென மாதம் 500 ரூபாய் வழங்கும் நிக்ஷய் போஷண் திட்டம் 2018 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. சென்னை அறிக்கைக்கும் இத்திட்டத்துக்கும் இடையே ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழிந்துள்ளன.

இக்காலத் தாழ்வுக்குச் சென்னை ஆய்வாளரைப் பொறுப்பாக்குதல் நேர்மையன்று. அவர்கள் வறுமையைப் போற்றவில்லை; வறுமையிலும் நோயாளரைக் காக்கலாம் என்றே காட்டினர். வறிய நோயாளரின் சார்பில் எழுந்த ஒரு முடிவு, அவருடைய வறுமையைக் கணக்கில் கொள்ளாமல் இருப்பதற்கான சான்றாக மாறியதே இங்குச் சுட்டத்தக்க முரண்.

4. ரேஷன்ஸ் ஆய்வு: மாற்றி எழுப்பப்பட்ட வினா

உணவைத் தனித்த கூறாகச் சோதித்த பெரிய ஆய்வு ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019இல் தொடங்கிற்று. அனுராக் பார்கவா முதன்மை ஆய்வாளராக இருந்த இவ்வாய்வில் சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்றது என்பது வரலாற்று முறையில் குறிப்பிடத்தக்கது. வீட்டுச் சிகிச்சையை நிறுவிய அதே நிறுவனம், அன்று கேட்கப்படாத வினாவுக்குத் திரும்பியுள்ளது.

2,800 நோயாளரின் வீடுகளைச் சேர்ந்த 10,345 பேர் இவ்வாய்வில் உட்படுத்தப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினர். நோயாளர் அனைவருக்கும் அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய் அடங்கிய 10 கிலோ உணவுப் பொதி மாதந்தோறும் வழங்கப்பட்டது. ஒரு பிரிவில் மட்டும் வீட்டார் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கூடுதலாக அளிக்கப்பட்டன. தொடர் கண்காணிப்புக் காலத்தில் வீட்டாருள் 218 பேர் காசநோய்க்கு ஆளாயினர். உணவு பெற்ற வீட்டாரிடையே புதிதாக நோயுறுதல் 39 விழுக்காடு குறைவாக இருந்தது.

சென்னை ஆய்வு நோயுற்றவர் குணமடைதலைக் கேட்டது. ஜார்க்கண்ட் ஆய்வு நோயுறாதவர் நோயுறாமல் இருத்தலைக் கேட்டது. எனவே பின்னது முன்னதை மறுக்கவில்லை. இரண்டும் தத்தம் வினாவுக்கு உண்மையான விடை தருகின்றன. மறுக்கப்படுவது, முதல் விடையை இரண்டாம் வினாவுக்கும் பொருத்திய வாசிப்பேயாகும்.

ரேஷன்ஸ் ஆய்வையும் இதே கண்டிப்புடன் வாசித்தல் வேண்டும். சிகிச்சையின் முதல் இரண்டு மாதங்களில் எடை கூடிய நோயாளரிடையே இறப்பு குறைவாக இருந்தது என்னும் முடிவு பரவலாக எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் நோயாளர் அனைவருமே உணவுப் பொதி பெற்றனர். அவர்களுக்கு ஒப்பீட்டுப் பிரிவு இல்லை. நோய் முற்றாதவருக்கு எடை எளிதில் கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆகவே இது தொடர்பைக் காட்டும் சான்றேயன்றி, உணவே இறப்பைத் தடுத்தது என்பதற்கான நேர்ச்சான்று ஆகாது. வீட்டார் குறித்த முடிவே குலுக்கல் ஒப்பீட்டின் வலிமை உடையது. அதுவும் ஊட்டக்குறைவு மிகுந்த ஒரு வட்டாரத்தின் முடிவு. நீரிழிவு போன்ற பிற காரணிகள் மேலோங்கிய இடங்களில் அதே 39 விழுக்காட்டை எதிர்பார்ப்பது, சென்னை ஆய்வுக்கு நேர்ந்த பிழையைத் திசைமாற்றி மீண்டும் செய்வதாகும்.

5. தமிழ்நாட்டின் அண்மை நடைமுறை

2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய காசநோய் இறப்பிலாத் திட்டம் இவ்விவாதத்துக்கு மற்றொரு கோணத்தைத் தருகிறது. இத்திட்டத்தின்படி, நோய் கண்டறியப்பட்டவுடன் கடும் ஊட்டக்குறைவு, மூச்சுத் திறன் குறைவு, துணையின்றி நிற்க இயலாமை ஆகியவை எளிய அளவீடுகளால் சோதிக்கப்படுகின்றன. கடுநிலையில் உள்ளோர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகின்றனர்; ஏனையோர் வீட்டிலேயே சிகிச்சை பெறுகின்றனர்.

மேலோட்டமாக நோக்கின் இது சானடோரிய மரபுக்குத் திரும்புவதாகத் தோன்றலாம். உண்மையில் இது சென்னை முடிவின் எல்லையைக் குறிக்கும் செயல். பெரும்பான்மையோருக்கு வீடே போதும் என்பது நிலைக்கிறது. உடல் மிக மெலிந்த சிலருக்கு அது போதாது என்பது சேர்க்கப்படுகிறது. எடை பார்க்கும் கருவியும் உயரம் அளக்கும் கோலும் சளிப் பரிசோதனைக்கு இணையான கண்டறிதல் கருவிகளாக இங்கு மதிக்கப்படுகின்றன.

எனினும் இந்நடைமுறை நோயாளரை மட்டுமே நோக்குகிறது. நிக்ஷய் போஷண் தொகை 2024 நவம்பரில் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும் அது நோயாளரின் கணக்குக்கே செல்கிறது. ஜார்க்கண்ட் ஆய்வு வலுவாக நிறுவியது வீட்டாருக்கான உணவின் பயனை. அந்த உணவோ பெரிதும் நிக்ஷய் மித்ரா என்னும் கொடையாளர் ஏற்பாட்டைச் சார்ந்துள்ளது. சான்று எங்கு வலுவாக உள்ளதோ அங்கு உரிமை வலுவற்றிருக்கிறது. தமிழ்நாட்டில் ரேஷன் கடை வழியே அரிசியும் பருப்பும் வழங்கும் பொதுவிநியோக அமைப்பு ஏற்கெனவே பரவலாக உள்ளது. காசநோயாளர் வீடுகளுக்குக் கூடுதல் பருப்பு வழங்க அதனைப் பயன்படுத்துதல் குறித்து வட்டார அளவிலான ஆய்வு தேவை.

முடிவுரை

சென்னை வீட்டுச் சிகிச்சை ஆய்வு தன் வினாவுக்குச் சரியான விடை தந்தது. அவ்விடை உணவு குறித்த தீர்ப்பாக வாசிக்கப்பட்டதால், நோயாளரின் பசி நெடுங்காலம் திட்டத்துக்கு வெளியே நின்றது. ரேஷன்ஸ் ஆய்வு நோயுறாதாரின் பக்கம் நின்று வினாவை மாற்றி எழுப்பியது. காசநோய் இறப்பிலாத் திட்டம் மெலிந்த உடலை மீண்டும் அளக்கத் தொடங்கியுள்ளது. வட்டார ஆய்வொன்றை மதிப்பிடுவோர் அதன் முடிவை மட்டுமன்றி, யாரிடம், எந்த நிலையில், எதை அளந்து அம்முடிவு எட்டப்பட்டது என்பதையும் சேர்த்து வாசித்தல் வேண்டும். எலும்புருக்கி என்னும் பழம்பெயர் சுட்டிய உடல் மெலிவும் காசநோய் என்னும் இன்றைய பெயர் சுட்டும் நுரையீரலும் ஒரே நோயாளிக்கு உரியவை. ஒன்றை மருந்தாலும் மற்றொன்றை அறிவுரையாலும் நடத்தும் பிரிவினைக்கு இவ்வாய்வுகளில் எதுவும் சான்று தரவில்லை.