மெசோன் என்றால் ‘ஹோம்’ அல்ல

வேலைக்காகப் பிரான்ஸ் போன நண்பன் ஒருவன் ஒரு ராத்திரி போன் பண்ணினான். அவன் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம் இருக்கிறது. வகுப்பில் கூடவே உட்கார்ந்து உதவ ஓர் ஆள் வேண்டுமென்றால் எம்.டி.பி.ஹெச்.சுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று பள்ளியில் சொல்லி, ஆங்கிலத்தில் ஒரு தாளும் தந்திருக்கிறார்கள். அதில் அந்த அலுவலகத்தின் பெயர் ‘டிபார்ட்மென்டல் ஹோம் ஃபார் தி ஹேண்டிகேப்ட்’. படித்ததும் அவன் மனைவி கேட்டது இதுதான்: “பையன ஏதோ ஹோம்ல கொண்டுபோய் சேக்கச் சொல்றாங்களா?”

அந்தப் பெயரில் அகராதிப்படி பெரிய பிழை எதுவும் இல்லை. அதனால்தான் அதைப் பற்றி எழுதத் தோன்றியது.

மூலப் பெயர் ‘மெசோன் தெபார்த்மொந்தால் தெ பெர்சோன் ஆந்திகாப்பே’. மெசோன் என்றால் வீடு. ஆனால் பிரெஞ்சு நிர்வாக மொழியில் அந்தச் சொல் வீட்டைத் தாண்டி ரொம்ப தூரம் போய்விட்டது. ‘மெசோன் த ரெத்ரெத்’ முதியோர் இல்லம், ‘மெசோன் தாரெ’ விசாரணைக் கைதிகளை அடைக்கும் சிறை. இங்கே அதற்கு ‘எல்லாம் ஒரே கூரையின் கீழ்’ என்ற அர்த்தம்தான். 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி பெரியவர்களுக்கு ஒரு ஆணையம், குழந்தைகளுக்கு வேறொரு ஆணையம் என்று இருந்தது. 2005 பிப்ரவரி 11ஆம் தேதிச் சட்டம் இரண்டையும் ஒரே வாசலுக்குள் கொண்டுவந்தது. ‘தெபார்த்மொந்தால்’ என்பதும் அரசுத் துறையைக் குறிப்பதல்ல. பிரான்ஸ் 101 தெபார்த்மொந்துகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, கிட்டத்தட்ட நம்ம மாவட்டம் மாதிரி.

சரி, வார்த்தைக்கு வார்த்தை வேண்டாம், ‘டிஸபிலிட்டி சப்போர்ட் சென்டர்’ என்று இதமாகப் போட்டுவிடலாமா? பலரும் தேர்ந்தெடுக்கும் வழி இதுதான். எனக்கு முந்தையதைவிட இதுதான் ஆபத்தாகத் தெரிகிறது. முந்தையது பயமுறுத்துகிறது. பயந்தவர் நாலு பேரிடமாவது கேட்பார். இது நிம்மதியாகக் காத்திருக்க வைக்கும்.

ஏனென்றால் எம்.டி.பி.ஹெச். முதன்மையாக மதிப்பிடும், தீர்மானிக்கும் இடம். குழந்தைக்கு வகுப்பில் உதவியாளர் உண்டா, பெரியவருக்கு உதவித்தொகைக்குத் தகுதி உண்டா என்பதை அதற்குள் இயங்கும் ஓர் ஆணையம் முடிவு செய்கிறது. விண்ணப்பம் போய்ச் சேர்ந்து நான்கு மாதத்துக்குள் பதில் வரவில்லையென்றால், சட்டத்தின் பார்வையில் அந்த மௌனம் நிராகரிப்பு. அதை எதிர்த்து மறுபரிசீலனை கேட்க இரண்டு மாத அவகாசம். ‘சப்போர்ட் சென்டர்’ என்று படித்தவர், “அவங்களே கூப்பிடுவாங்க” என்று ஐந்தாவது மாதமும் காத்திருப்பார்.

இன்னொரு பெயர் ‘எசாட்’. பொது வேலைச் சந்தையில் வேலை பார்க்க இயலாது என்று அந்த ஆணையம் கருதும் மாற்றுத்திறனாளிகள் வேலை செய்யும் இடம். விரித்தால் ‘வேலையின் வழியாக உதவும் நிறுவனமும் சேவையும்’. அங்கே இருப்பவர்களுக்கு வழக்கமான வேலை ஒப்பந்தம் கிடையாது. அவர்களுக்கு உறுதி செய்யப்படும் வருமானம் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்தில் 55.7 முதல் 110.7 சதவீதம் வரை. ‘ஷெல்டர்டு வொர்க்‌ஷாப்’ என்று ஆங்கிலப்படுத்தினால், தனியே ஒதுக்கிவைத்துக் குறைந்த கூலிக்கு வேலை வாங்கும் இடம் என்று உரிமை இயக்கங்கள் வைத்த குற்றச்சாட்டும் கூடவே வந்துவிடும். ‘வொர்க் சப்போர்ட் சர்வீஸ்’ என்றால் வேலை தேடித் தரும் அலுவலகம் போல இருக்கும். முதல் பெயர் தீர்ப்பு எழுதிவிடுகிறது, இரண்டாவது வழக்கே இல்லை என்கிறது.

பிரெஞ்சு அரசும் இந்த விளையாட்டை ஆடியிருக்கிறது. 2023 டிசம்பர் 18ஆம் தேதிச் சட்டம் எசாட் பெயரிலிருந்த ‘உதவி’யை எடுத்துவிட்டு ‘உடன்செல்லுதல்’ என்று மாற்றியது. பிரெஞ்சில் இரண்டு சொல்லுக்கும் முதல் எழுத்து ஒன்றேதான். அதனால் சுருக்கப் பெயர் மாறவில்லை, பெயர்ப்பலகைக்கும் செலவில்லை. ஆனால் அதே சட்டம் அவர்களுக்குச் சங்கம் சேரும் உரிமையையும் வேலைநிறுத்த உரிமையையும் தந்தது. பெயரை மட்டும் பார்க்கும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

கடைசியாக அந்த ‘ஹேண்டிகேப்ட்’. சொல் ஆங்கிலத்தில் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டில் தொப்பிக்குள் கைவிட்டு ஆடிய ஒரு பண்டமாற்று விளையாட்டின் பெயர் குதிரைப் பந்தயத்துக்குப் போய், பந்தயத்தோடு பிரான்ஸுக்கும் போனது. 1957இல் பிரெஞ்சுச் சட்டத்திலேயே ஏறியது. இப்போது ஆங்கிலம் அந்தச் சொல்லை இழிவாகக் கருதி ஒதுக்குகிறது, பிரெஞ்சு அதை இயல்பாகச் சொல்கிறது. 2006ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் பிரெஞ்சுத் தலைப்பில் அது இருக்கிறது, ஆங்கிலத் தலைப்பில் இல்லை. இரண்டுமே அதிகாரபூர்வப் பிரதிகள். ஆக, ஒலி ஒன்றாக இருப்பதாலேயே திருப்பி அனுப்பினால், மூலத்தில் இல்லாத ஓர் அவமானத்தை நாம் சேர்த்து அனுப்புகிறோம். நமக்கு இது புரியாத விஷயமில்லை. மேலே ‘மாற்றுத்திறனாளிகள்’ என்று எழுதிய இடத்தில், முன்பு நம் அரசுப் பலகைகளில் வேறு சொல் இருந்தது.

மொழிபெயர்ப்பாளருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரி, ஒத்துக்கொள்கிறேன். வாயில் நுழையாத பிரெஞ்சுப் பெயரை ஆங்கில வாசகர் எதற்குச் சுமக்க வேண்டும் என்பதும் நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித்தானே அவர் வழி கேட்க வேண்டும், கவரில் முகவரி எழுத வேண்டும்? எங்கள் தொழிலில் ஒரு ஃபங்ஷனின் பெயரை நம் இஷ்டத்துக்கு மாற்றிக் கூப்பிட்டால் புரோகிராம் ஓடாது. பெயரை அப்படியே விட்டுவிட்டு, அது என்ன செய்யும் என்று பக்கத்தில் கமெண்ட் எழுதுவோம். பெயர்ச்சொல்லைத் தொடாதீர்கள், வினைச்சொல்லை மொழிபெயர்த்துப் பக்கத்தில் வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

நண்பனுக்கு நான் அனுப்பியது இவ்வளவுதான்: ‘எம்.டி.பி.ஹெச். உன் மகனுக்கு வகுப்பில் உதவியாளர் உண்டா என்று முடிவு செய்யும் அலுவலகம். அவன் உங்கள் வீட்டிலேயே இருப்பான். விண்ணப்பித்த தேதியைக் குறித்து வை. நாலு மாதம் பதில் வரவில்லையென்றால் ‘இல்லை’ என்று அர்த்தம், உடனே எதிர்த்து எழுது.’

அவன் மனைவி காலண்டரில் தேதியை வட்டம் போட்டு வைத்திருக்கிறாராம்.