அரிவாளைக் கீழே வைத்த நேரம்

வயல் உழைப்பை வரைய வரும் ஓவியர் பெரும்பாலும் ஆளின் கையில் அரிவாளைக் கொடுத்து, முதுகை வளைத்து நிறுத்துவார். வின்சென்ட் வான்கோவின் ‘நண்பகல்’ ஓவியத்தில் அரிவாள்கள் தரையில் கிடக்கின்றன. கதிர்ப்போரின் நிழலில் ஓர் ஆணும் பெண்ணும் உறங்குகிறார்கள். அவன் கைகளைத் தலைக்கு அணையாகக் கொடுத்து மல்லாந்திருக்கிறான். தொப்பி முகத்தின்மேல் சரிந்திருக்கிறது. அவள் கைகளுக்குள் முகத்தைப் புதைத்துச் சுருண்டிருக்கிறாள். பக்கத்தில் கழற்றிப்போட்ட காலணிகள். தொலைவில் வண்டியும் மாடுகளும். காலையிலிருந்து இவர்கள் எவ்வளவு அறுத்திருப்பார்கள் என்பதை அந்த உடல்கள் கிடக்கும் கிடையே சொல்லிவிடுகிறது. உழைப்பை இவ்வளவு துல்லியமாக அளந்து காட்டிய வேறு ஓவியம் என் நினைவில் இல்லை.

காட்சியின் அமைப்பு பிரெஞ்சு ஓவியர் மிலேயுடையது. நாளின் நான்கு பொழுதுகளை வரைந்த வரிசையில் நண்பகலுக்காக அவர் அமைத்தது இது. 1866இல் பேஸ்டலிலும் தீட்டினார். வரிசைக்காக அமைத்த அந்த மூலக் காட்சியைச் செதுக்குக் கலைஞர் லவியே மரத்தில் செதுக்கி அச்சாக்கியபோது இடம் வலமாயிற்று. வான்கோ பின்பற்றியது அந்தக் கறுப்பு வெள்ளை அச்சைத்தான். அதனால் அவர் ஓவியத்திலும் எல்லாம் திசை மாறியே இருக்கிறது. இதைச் சொல்லி ‘நகல்தானே’ என்று கடந்து போகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் சற்றும் உடன்பாடில்லை. அச்சில் மஞ்சள் ஏது, நீலம் ஏது? பீத்தோவனை வாசிக்கும் இசைக் கலைஞர் தம் மனத்தையும் சேர்த்தே வாசிக்கிறார் என்று தம்பி தியோவுக்கு வான்கோ எழுதினார். அது சாக்குப்போக்கல்ல, ஓவியமே சாட்சி.

அந்த நிறங்களைப் பாருங்கள். போரும் தரையும் பழுத்த மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தகிக்கின்றன. வானமும் உறங்குகிறவர்களின் உடைகளும் நீலம். எதிரெதிர் நிறங்களை அடுத்தடுத்து வைத்தால் இரண்டும் கூர்மையடையும். வான்கோ அந்த விதியைப் பொழுதுக்குப் பொருத்தினார். நிழலுக்குக் கறுப்பைத் தேடாமல் ஊதாவையும் நீலத்தையும் கொண்டுவந்தார். அதனால் நிழல் குளிர்ச்சியாக மட்டும் இல்லை, வெளிச்சத்தோடும் இருக்கிறது. கடும் வெயிலில் நிழலுக்குள் ஒதுங்கியவர்களுக்கு இது தெரியும். தூரிகை வீச்சுகளும் பொருளுக்கேற்பத் திரும்புகின்றன: வைக்கோலில் குத்திட்டு, துணியில் உடலின் வளைவோடு ஓடி.

இத்தனை வெயிலும் தீட்டப்பட்டது 1889 டிசம்பருக்கும் 1890 ஜனவரிக்கும் இடையே, தென் பிரான்சில் சான் ரெமியின் மனநலக் காப்பகத்தில். வெளியே குளிர்காலம். 73க்கு 91 சென்டிமீட்டர் அளவுள்ள இந்த கான்வாஸ் இப்போது பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மிலேயின் பேஸ்டலில் உள்ள மென்மை இதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அவரிடம் வெளிச்சம் பொடிப்பொடியாகப் படிகிறது. உறக்கத்தின் அமைதி முதலில் தெரிகிறது. வான்கோவிடம் முதலில் தெரிவது நிழலுக்கு வெளியே காத்திருக்கும் வெயில். கண் விழித்ததும் இருவரும் அதற்குள்தான் இறங்கியாக வேண்டும்.