கோணாத தகடு

ஒரே சுருளிலிருந்து வெட்டிய எட்டு கார்பன் ஃபைபர் தாள்கள். ஒவ்வொன்றும் 0.125 மில்லிமீட்டர் தடிமன். எட்டும் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர். இரண்டு தாள்களில் இழை நீளவாக்கில் ஓடுகிறது, இரண்டில் குறுக்கே, மீதி நான்கில் 45 டிகிரி சாய்வாக, வலப்பக்கம் இரண்டும் இடப்பக்கம் இரண்டுமாக. இந்த எட்டையும் ஒருவர் அடுக்கிச் சூடேற்றி எடுத்தால், தகடு மேசையோடு மேசையாகப் படிந்து கிடக்கிறது. இன்னொருவர் அடுக்கியது அதே அடுப்பிலிருந்து முறுக்கிக்கொண்டு வருகிறது. பொருள் ஒன்று, சூடு ஒன்று, எடை ஒன்று. வரிசைதான் வேறு. இந்த வரிசையை அமைப்பதைத்தான் பட்டறையில் லேஅப் என்கிறார்கள். முடிந்த பொருளில் கண்ணுக்கே தெரியாத இந்த வேலை, பொறியியலின் மிக நேர்த்தியான கைவேலைகளில் ஒன்று.

தகடு ஏன் கோணுகிறது? ஜப்பானின் டோரே நிறுவனம் 1971இல் சந்தைக்குக் கொண்டுவந்த டி300 இழையின் விட்டம் 7 மைக்ரான். இப்படி ஆயிரக்கணக்கான இழைகளை ஒரே திசையில் படுக்கவைத்து, எபாக்சி பிசினில் தோய்த்துச் சுருட்டினால் பிரீப்ரெக். விமானப் பாகங்களுக்கான பிரீப்ரெக் ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸில் ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த அடுப்புக்குள் இறுகுகிறது. சிக்கல் தொடங்குவது அது ஆறும்போதுதான். இழை ஓடும் திசையில் தாள் சுருங்குவதே இல்லை என்று சொல்லலாம். கார்பன் குளிரும்போது இம்மியளவு நீளக்கூடச் செய்யும். குறுக்குவாக்கில் பிசினின் குணம்தான் மேலோங்குகிறது. 1 மீட்டர் அகலத்துக்கு அறை வெப்பநிலை வருவதற்குள் 4 மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கிவிடும். ஒன்று சுருங்க மாட்டேன் என்கிறது, அதன்மேல் குறுக்கே ஒட்டிய இன்னொன்று சுருங்கியே தீருவேன் என்கிறது. இருவரும் விட்டுக்கொடுக்காதபோது தகடு வளைகிறது.

பரிகாரத்தைத் தச்சர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். பிளைவுட்டில் தாள்கள் 3, 5, 7 என்று ஒற்றைப்படையில் வருவது நடுத்தாளுக்கு மேலும் கீழும் ஒரே மாதிரி இருக்கத்தான். கார்பனிலும் அதேதான். நீளவாக்கை 0 டிகிரி என்று கொண்டால்: 0, 45, −45, 90, அங்கிருந்து திரும்பி 90, −45, 45, 0. நடுக்கோட்டுக்கு மேலே எந்த இழுப்பு இருந்தாலும், கீழே அதே தூரத்தில் அதே இழுப்பு. இது சமச்சீர். இதோடு சமநிலை என்று இன்னொரு நிபந்தனையும் உண்டு: ஒவ்வொரு +45க்கும் ஒரு −45 இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நேராக இழுத்தாலும் தகடு பக்கவாட்டில் சரியும். குழாயாகச் செய்திருந்தால் இழுக்கும்போதே முறுக்கிக்கொள்ளும். புதிதாக வருபவர்கள் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறார்கள். சூட்டில் கோணாமல் காப்பது முதன்மையாகச் சமச்சீர். சுமையில் சரியாமல் காப்பது சமநிலை.

சமச்சீரை வேண்டுமென்றே விட்டுவிட்டால் நடப்பதும் பார்க்க வேண்டிய காட்சிதான். 0, 90 என்று இரண்டே திசைகளில், பாதிக்குப் பாதியாக ஒட்டிய மெல்லிய சதுரத் தகடு குதிரைச் சேணம்போல் வளைய வேண்டும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் எம்.டபிள்யூ. ஹையர் 1981இல் எழுதிய கட்டுரையில், உண்மையில் அது உருளையின் துண்டுபோல் ஒரே பக்கமாகத்தான் வளைகிறது என்று காட்டினார். விளிம்பை அழுத்தினால் டக்கென்று புரண்டு, எதிர்த் திசையில், குறுக்கு அச்சில் இன்னோர் உருளையாகிவிடும். மெல்லிய தகட்டில் பெரிய வளைவுகள் வரும்போது பழைய கணக்கு போதாது என்பதே காரணம். கோணல் என்று தூக்கிப்போட வேண்டிய தகட்டிலிருந்து, இரண்டு வடிவங்களில் நிலைத்து நிற்கும் அமைப்புகளைப் பற்றிய ஓர் ஆய்வுத்துறையே கிளைத்தது.

சமச்சீர் விதிக்குள்ளேயே தேர்ந்தெடுக்க எத்தனையோ இருக்கின்றன. மேலே சொன்ன எட்டடுக்குத் தகடு, எந்தத் திசையில் இழுத்தாலும் ஒரே விறைப்பைக் காட்டும். வளைத்தால் கதை வேறு. வளைவை எதிர்ப்பதில் ஓர் அடுக்கின் பங்கு, நடுக்கோட்டிலிருந்து அது இருக்கும் தூரத்தைப் பொறுத்து மிக வேகமாக ஏறுகிறது. தடிமன் தரும் மொத்தப் பங்கை 64 கூறாகப் பிரித்தால், மேலும் கீழுமாக வெளியே இருக்கும் இரண்டு தாள்களுக்கு மட்டும் 37 கூறு. நடுவில் ஒட்டிக்கிடக்கும் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கூறு! வெளியில் 0 வைத்தால் நீளவாக்கில் உறுதியான தகடு. அதையே உள்ளே தள்ளி 90ஐ வெளியே கொண்டுவந்தால், ஒரு கிராம்கூடக் கூடாமல் குறையாமல் துவளும் தகடு. நல்ல வடிவமைப்பாளரின் கைநேர்த்தி இங்கேதான் தெரியும்.

காகிதத்தில் போட்ட வரிசை அச்சுக்குள் போகும் இடத்தில் இன்னொரு திறமை வேண்டும். சாட்டின் நெசவுத் துணியை எடுத்துக்கொள்வோம். ஐந்திழைச் சாட்டினில் ஒவ்வொரு பாவு நூலும் நான்கு ஊடை நூல்களின் மேல் போய் ஒன்றின் கீழ் நுழைகிறது. ஆகவே ஒரு முகத்தில் பாவு நூல்தான் பெரும்பாலும் தெரியும், மறுமுகத்தில் ஊடை. அதாவது ஒற்றைத் துணியே சமச்சீர் அற்றது. தனியாக இறுக்கினால் தானாகச் சுருளும். கீழ்ப்பாதியில் பாவு முகம் மேலே பார்த்தால், மேல்பாதியில் கீழே பார்க்க வேண்டும். இரண்டு முகங்களும் கறுப்பு, இரண்டும் பளபளப்பு. விளக்கொளியில் சாய்த்துப் பார்த்துக் கண்டுபிடிக்கும் கண் பழக்கத்தில் வருவது.

கோணத்தின் குறியும் ஏமாற்றும். ஒரு தாளைப் புரட்டிப்போட்டால் +45 சத்தமில்லாமல் −45 ஆகிவிடும். அதனால்தான் வரைபடத்தின் ஓரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைச் சொல்லும் திசைச் சக்கரத்தைப் போடுகிறார்கள். எடையில் பாதி காம்போசிட்டான, அதாவது இழையும் பிசினும் சேர்ந்த பொருளாலான, போயிங் 787 ஆகட்டும், ஏறத்தாழ 45 விழுக்காடு காம்போசிட் கொண்ட நம் தேஜஸ் ஆகட்டும், இத்தகைய பாகங்களுக்கு ஒவ்வோர் அடுக்கையும் சரிபார்த்துக் குறித்த பிறகே அடுத்தது ஏறுவதுதான் ஒழுங்கு.

வரிசை முழுக்கச் சரியாக இருந்தும் ஓரிடத்தில் தகடு ஏமாற்றும்: மூலை. 90 டிகிரிக்கு மடித்துச் செய்த பட்டை, அச்சிலிருந்து கழற்றியதும் ஒரு டிகிரியோ இரண்டோ உள்நோக்கி மூடிக்கொள்ளும். தடிமன் வாக்கில் இழையே இல்லாததால் அந்தத் திசையில் சுருக்கம் அதிகம். எந்தச் சமச்சீரும் இதற்கு மருந்தாகாது. மூடப்போகும் அளவை முன்கூட்டியே கணித்து, அச்சையே அந்த அளவுக்கு விரித்துச் செய்துவிடுகிறார்கள்.

விதியை முழுதாகக் கற்றவர்கள் அதை எப்படி மீறுவார்கள் என்பதற்கு எக்ஸ்-29ஐவிட அழகான சான்று இல்லை. க்ரம்மன் நிறுவனம் கட்டிய இந்த விமானம் 1984 டிசம்பர் 14 அன்று கலிஃபோர்னியாவின் எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் முதன்முறையாகப் பறந்தது. அதன் இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்தவை. அப்படிப்பட்ட இறக்கையைக் காற்று மேலே வளைத்தால் நுனியின் முன்விளிம்பு நிமிரும், நிமிர்ந்தால் காற்று இன்னும் பலமாகத் தூக்கும், இன்னும் நிமிரும். ஒரு வேகத்தைத் தாண்டினால் இறக்கை பிய்ந்துபோகும். உலோகத்தில் இதைத் தடுக்கப் போனால் எடை தாங்காது. காம்போசிட்டால் இதைத் தவிர்க்கலாம் என்று பொறியாளர் நாரிஸ் க்ரோன் 1975இல் எழுதியிருந்தார். வழி இதுதான்: இறக்கைத் தோலின் இழைகளைச் சமநிலையாகப் பரப்பாமல், ஒரு பக்கமாகச் சாய்த்து அடுக்குவது. அப்போது மேலே வளையும் இறக்கை, வளைவோடு சேர்ந்து முன்விளிம்பைக் கீழே திருப்ப முயலும். காற்றின் முறுக்கை அடுக்கின் முறுக்கு எதிர்த்து நின்றது. மற்றவர்கள் ஒழித்துக்கட்டப் பாடுபடும் குணத்தை இங்கே வேலைக்கு அமர்த்தினார்கள். மோட்டார் இல்லை, கம்பி இல்லை, இழையின் கோணம் மட்டும்தான்.

பளபளக்கும் ட்வில் நெசவைப் பார்த்துக் கார்பன் என்று மயங்குகிறவர்களே அதிகம். கல்லூரிப் பந்தயக் காருக்கோ ட்ரோனுக்கோ பாகம் செய்யும் மாணவர்களும் அந்த மயக்கத்தில், நீளவாக்கில் இழை மிகுந்த மெல்லிய தகட்டின் வெளிமுகத்தில் மட்டும் அழகுக்காக ஒரு ட்வில் போட்டுவிடுகிறார்கள். ஆறியதும் தகடு வளைகிறது. பழி பிசின்மேல் விழுகிறது. அழகுக்கு ஒன்று வெளியே வைத்தால், யாரும் பார்க்காத உள்முகத்திலும் அதே துணியில் ஒன்று வையுங்கள். அந்த எடை கட்டுப்படியாகாது என்றால் இரண்டையும் விட்டுவிடுங்கள். தகடு நேராக வரும்.