அதிர்ஷ்டத்திலிருந்து விடுபட்ட கொல்லுப்பட்டறை

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டில் ஒரு மார்புக்கவசம் வேண்டும் என்றால், பல ஆண்டுகளாக எந்தக் கொல்லனிடம் போனாலும் ஏறத்தாழ ஒன்றாகத்தான் இருந்தது. செய்முறை தெரியுமா, தாது கையில் இருக்கிறதா, அவ்வளவே கேள்வி. பட்டனை அழுத்தினால் எல்லார் கையிலிருந்தும் ஒரே கவசம் வரும். அதற்கு முன், 2007-இல் வந்த பர்னிங் க்ரூசேட் விரிவாக்கத்தில் நிலைமை வேறாக இருந்தது. கொல்லன் ஆயுதம் பக்கமா, கவசம் பக்கமா என்று ஒரு வழியில் போக வேண்டும். ஆயுதம் என்றால் வாளா, கோடாரியா, சம்மட்டியா என்று மறுபடியும் பிரியும். சம்மட்டி வழியில் போனவர் செய்யும் ஸ்டார்ம்ஹெரால்ட் என்ற சம்மட்டியை விற்கவே முடியாது. அது செய்தவரிடமே தங்கிவிடும். பின்னாளில் அந்தப் பிரிவுகள் எடுக்கப்பட்டன. தொழில் என்பது போருக்கு நடுவே கிடைக்கும் ஓய்வில் செய்யும் சில்லறை வேலையாகச் சுருங்கியது.

அதை மீட்டெடுத்தது 2022 நவம்பரில் வந்த டிராகன்ஃப்ளைட். அது கொண்டுவந்த தொழில் அமைப்பை 2024 ஆகஸ்டில் வந்த தி வார் வித்தின் திருத்தியது. இரண்டிலும் கொல்லனாகவே வாழ்ந்தவன் என்ற முறையில், திருத்தம் எங்கே பலித்தது, எங்கே பிசகியது என்று எழுதுகிறேன்.

முதலில் அமைப்பு. செய்யும் கவசத்துக்கு ஐந்து தரம் உண்டு. ஒவ்வொரு செய்முறைக்கும் ஒரு கடினம் உண்டு. உங்கள் திறன் அதில் எத்தனை சதவீதத்தை எட்டுகிறதோ அதற்கேற்ற தரம் கிடைக்கும். 20 சதவீதத்தில் இரண்டாம் தரம், 50-இல் மூன்றாம் தரம், 80-இல் நான்காம் தரம், 100-ஐத் தொட்டால் ஐந்தாம் தரம். திறனை உயர்த்துவது நல்ல தாது, நல்ல கருவி, எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்பெஷலைசேஷன் மரம். நாலெட்ஜ் பாயின்ட் என்ற புள்ளிகளை இந்த மரத்தில் ஒவ்வொன்றாக இட வேண்டும். முதல்முறை செய்யும் பொருளுக்குக் கொஞ்சம், வாராந்திர வேலைக்குக் கொஞ்சம், உலகில் ஒளிந்து கிடக்கும் புதையலுக்குக் கொஞ்சம் என்று அவை சொட்டுச் சொட்டாகத்தான் சேரும்.

வார் வித்தினில் கொல்லனுக்கு நான்கு மரங்கள். எவர்பர்னிங் ஃபோர்ஜ் உலையைப் பற்றியது. மீன்ஸ் ஆஃப் புரொடக்‌ஷன் மற்ற தொழிலாளிகளுக்குக் கருவி செய்வது. சுரங்கக்காரரின் குந்தாலி, மூலிகை பறிப்பவரின் அரிவாள், தையல்காரரின் ஊசி எல்லாம் இதில் அடங்கும். மீதி இரண்டும் வெப்பன் ஸ்மித்திங், ஆர்மர் ஸ்மித்திங். நான் கவசத்தை எடுத்தேன். அதற்குள்ளும் மூன்று கிளை. பெரிய தகடு என்றால் மார்புக்கவசம், தொடைக்கவசம், கேடயம். செதுக்குவேலை என்றால் தலைக்கவசம், தோள்கவசம், காலணி. நுண்வேலை என்றால் இடுப்புப் பட்டை, மணிக்கட்டுக் காப்பு, கையுறை. மார்புக்கவசத்தின் நுனிக்கிளை வரை புள்ளிகளை நிரப்பிய கொல்லனிடம் தலைக்கவசம் கேட்டால், பெரும்பாலும் அடுத்த பட்டறையைக் கைகாட்டுவார். நான் வந்த காலத்தில் போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழியே இல்லை. கடுமையான விதிதான். ஆனால் அந்தக் கடுமையால்தான் சர்வரில் ‘மார்புக்கவசமா, அவரைக் கேள்’ என்ற பேச்சு பிறந்தது. இந்த விளையாட்டில் ஒரு கைவினைஞனுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய மரியாதை அதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

டிராகன்ஃப்ளைட்டில் அந்த மரியாதையை அரித்தது இன்ஸ்பிரேஷன் என்ற ஒரு கணக்கு. செய்யும்போது தற்செயலாக உத்வேகம் பிறந்து திறன் கூடும். கூடினால் நான்காம் தரம் ஐந்தாகும். கூடாவிட்டால் நான்கோடு நிற்கும். வாடிக்கையாளர் ஸ்பார்க் என்ற அரிய மூலப்பொருளையும் விலை உயர்ந்த தாதுவையும் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். கொல்லன் பட்டனை அழுத்துவான். நான்காம் தரம் வந்தால், ரீக்ராஃப்ட், அதாவது அதே கவசத்தைத் திரும்பச் செய்ய, மறுபடி பொருள் கேட்க வேண்டும். ஸ்பார்க்கை மறுபடி கேட்க வேண்டாம் என்பது ஒன்றே ஆறுதல். எத்தனை புள்ளி இட்டிருந்தாலும் கடைசித் தீர்ப்பு பகடையிடம்தான் இருந்தது. டிரேட் சாட்டில் ‘ஐந்தாம் தரம் உறுதியா?’ என்று கேட்பவருக்கு நேர்மையான பதில் சொல்ல முடியாமல் நல்ல கொல்லர்களே மழுப்பினார்கள்.

வார் வித்தின் அந்தப் பகடையை எடுத்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது கான்சன்ட்ரேஷன். ஒவ்வொரு தொழிலுக்கும் 1000 அளவுள்ள ஒரு தொட்டி. நாளொன்றுக்கு 250 வீதம் ஊறும், காலியானால் நிரம்ப நான்கு நாள். பொருள் செய்யும் திரையில் அந்தப் பட்டனை அழுத்தினால், எட்டும் தரத்துக்கு ஒரு படி மேலே உறுதியாக ஏறும். எவ்வளவு செலவாகும் என்பது அங்கேயே எண்ணாகத் தெரியும்.

நேரில் இது எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். டோர்னோகல் நகரத்தில் ஆர்டர் மேசைக்கு முன்னால் நிற்கிறேன். ஒருவர் என் பெயருக்குத் தனிப்பட்ட ஆர்டர் அனுப்புகிறார். எவர்ஃபோர்ஜ்ட் மார்புக்கவசம், குறைந்தபட்சம் ஐந்தாம் தரம். ஸ்பார்க், உச்ச முத்திரை, கூடவே எம்பெலிஷ்மென்ட் என்ற சிறப்பு அலங்காரம் எல்லாம் சேர்த்திருக்கிறார். முத்திரையும் அலங்காரமும் கடினத்தை ஏற்றுகின்றன; தரப் பட்டையில் என் முள் நான்காம் தரத்தின் தொடக்கத்தை ஒட்டி நிற்கிறது. கான்சன்ட்ரேஷன் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். தொட்டியில் பெரும்பகுதியைக் கேட்கிறது. ஓர் உலோகக் கலவையை மட்டும் உயர் தரத்தில் மாற்றிக் கொடுங்கள் என்று கேட்கிறேன். மாற்றித் தந்ததும் முள் வலப்பக்கம் நகர்கிறது, செலவு மளமளவென இறங்குகிறது. ஐந்தாம் தரத்தை நெருங்க நெருங்கச் செலவு குறையும் என்பதுதான் இதன் சூத்திரம். மரத்தில் இட்ட ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு செலவைக் குறைக்கிறது என்பது கண்முன்னே எண்ணாகத் தெரிகிறது. முன்பு புள்ளி வாய்ப்பைக் கூட்டியது; இப்போது அது நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. வேலை முடிந்ததும் கவசம் 636 என்ற ஐட்டம் லெவலில் வந்து நிற்கிறது. முதல் சீசனில் மிகக் கடினமான மிதிக் ரெய்டுப் பொருளை உச்சம் வரை மேம்படுத்தினாலும் 639தான். ஒரு கொல்லனின் கைவேலை அந்த உயரத்தை நெருங்குகிறது என்றால் அந்தத் தொழிலுக்கு உண்மையாகவே மதிப்பு வந்திருக்கிறது.

இந்த மாற்றத்தை முழு மனதோடு வரவேற்கிறேன். ஒரு முழு ஸ்பார்க் சேர்க்க இரண்டு வாரம் உழைத்தவர், அதைப் பகடையிடம் ஒப்படைக்கக் கூடாது.

ஆனால் ஒரு கோளாறு நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. தொட்டி ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் தனித்தனி. அப்படியென்றால் ஒரே கொல்லனை ஆழமாக வளர்த்தவனுக்கு ஒரு தொட்டி; அரைகுறையாகப் பத்துக் கொல்லர்களை வைத்திருப்பவருக்குப் பத்துத் தொட்டி. கலவை, புட்டி, ரத்தினம் என்று சந்தையில் தினம் விற்கும் பொருள்களில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. எந்தக் கதாபாத்திரத்தில் எப்போது 1000 நிரம்பும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்து, தொட்டியைக் காலி செய்து, வெளியேறுகிறார்கள். அந்த வேலையில் பட்டறை இல்லை, கணக்குப் பிள்ளை வேலைதான் இருக்கிறது. ஆழ்ந்து ஒரு கிளையில் போனவனுக்குப் பரிசு தரவே ஸ்பெஷலைசேஷன் வந்தது. அகலமாகப் பரப்பியவர் அதைத் தட்டிக்கொண்டு போகிறார். புள்ளிகள் நிறைய இட்டவனின் தொட்டி வேகமாக ஊறும்படி செய்திருந்தால் இந்தப் பிசகு பெரிதும் தணிந்திருக்கும். இன்ஜெனுயிட்டி என்ற திறன் சில சமயம் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது; ஆனால் அதுவும் தற்செயலே. பகடையை முன்வாசலில் அனுப்பிவிட்டுப் பின்வாசலில் அழைத்தது எனக்கு உடன்பாடில்லை.

இன்னொரு புதுமை பேட்ரன் ஆர்டர். ஆட்கள் கேட்காத நாளிலும் விளையாட்டுக்குள் இருக்கும் பாத்திரங்கள் ஆர்டர் தருவார்கள். புதிதாகத் தொழில் தொடங்கியவர் யாரும் வராத மேசையின் முன் நிற்க வேண்டியதில்லை. தாமதமாக வந்தவர் விட்டுப்போன நாலெட்ஜ் பாயின்ட்களைப் பிடிக்கவும் இதுவே வழி. டிராகன்ஃப்ளைட்டில் சில மாதம் விலகியிருந்து திரும்பியவர்கள் முன்னே போனவர்களை எட்ட முடியாமல் தொழிலையே கைவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குறை தீர்ந்தது பெரிய விஷயம். சில ஆர்டர்கள் தரும் கூலி, போடச் சொல்லும் பொருளின் விலையைவிடக் குறைவு; அவற்றில் புள்ளி பரிசாக இருந்தால் மட்டும் எடுங்கள், மற்றவற்றை விட்டுவிடுங்கள்.

வார் வித்தினில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பொது ஆர்டர்தான் சவலைப்பிள்ளை. அதில் குறைந்தபட்சத் தரம் கேட்க முடியாது. ஆகவே விலை உயர்ந்த வேலை எதுவும் அங்கே வருவதில்லை. எல்லாம் டிரேட் சாட்டில் கூவிக் கூவியே நடக்கிறது. பாடுபட்டு வளர்ந்த கொல்லன் தன் பெயரைப் பொதுவில் பதிந்து வைக்க ஒரு பலகை கூட இல்லை. இத்தனை நுணுக்கமாக மரத்தை வடிவமைத்தவர்கள் இதை விட்டுவைத்தது ஏமாற்றம்.

கிளை பிரியும் கதை ஆல்கெமி என்ற மருந்துத் தொழிலிலும் உண்டு. ஃபிளாஸ்க்கா, போஷனா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே மல்ட்டிகிராஃப்ட் திறன் ஒரே உழைப்பில் கூடுதல் புட்டி தருவதால், சந்தைக்காகச் செய்பவருக்கு அது கொல்லுத்தொழிலைவிட எளிதில் கூலி தரும்.

வார் வித்தினில் கொல்லுத்தொழில் தொடங்குகிறீர்கள் என்றால் நான்கு மரத்திலும் புள்ளிகளைத் தூவாதீர்கள். உங்கள் கில்டில் தகட்டுக் கவசம் அணிபவர் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பாகத்துக்கு ஏங்குகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். அந்த ஒரு கிளையின் நுனி வரை புள்ளியை நிரப்புங்கள். நல்ல சம்மட்டி ஒன்றைப் பணம் கொடுத்தாவது வாங்குங்கள். இன்ஸ்கிரிப்ஷன்காரர் எழுதும் ட்ரீட்டிஸ் என்ற நூலை வாரம் தவறாமல் படியுங்கள்; ஒரே ஒரு புள்ளிதான் தரும் என்றாலும் அது சேரும். தொட்டி நிரம்பி வழிய விடாதீர்கள்; ஆர்டர் இல்லாத நாளில் கலவை செய்து விற்றுவிடுங்கள். அடுத்த கிளையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.